ஐந்து பேர், ஒரு சிறிய செடான், எந்த கியர்பாக்ஸ்?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, 3 வயதிலும் 8 வயதிலும் குழந்தைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. அலுவலகம் 14 கி.மீ. தூரம், நெரிசலில் போய்ச் சேர 50 நிமிடம் ஆகிறது. எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடம் தரைக்குக் கீழே. ஏறி வரும் சாய்தளம் செங்குத்தானது. மாதம் ஒருமுறை எல்லோரும் மலைப்பாதையில் பயணம் போவோம். மனைவி இப்போதுதான் ஓட்டப் பழகுகிறார். எங்களிடம் உள்ள தொகைக்கு மூன்று ஆட்டோமேட்டிக் செடான்கள் கிடைக்கின்றன. ஒன்று புதிய ஏஎம்டி. இன்னொன்று 6 ஆண்டு ஓடிய, 72,000 கி.மீ. காட்டுகிற, 6 கியர் டார்க் கன்வெர்ட்டர். மூன்றாவது 5 ஆண்டு ஓடிய, 55,000 கி.மீ. காட்டுகிற சிவிடி. எதை வாங்கலாம்? ஆட்டோமேட்டிக் பெட்ரோல் அதிகம் குடிக்கும், கியர்பாக்ஸ் போனால் வண்டியையே கைகழுவ வேண்டியதுதான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: டார்க் கன்வெர்ட்டர் வண்டியை முதலில் பாருங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறினால் அதையே வாங்குங்கள். தேறாவிட்டால் சிவிடி. உங்கள் ஓட்டத்துக்குப் புதிய ஏஎம்டி கடைசித் தேர்வுதான். புதிய வண்டியைத் தள்ளிவிட்டு ஆறு வருடப் பழைய வண்டியைச் சொல்வது விசித்திரமாகப் படலாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே இந்த முடிவுக்குக் கொண்டுபோகின்றன.

14 கி.மீ.க்கு 50 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 17 கி.மீ. கூட இல்லை. அதில் பாதி நேரம் நின்றும், மீதியில் பெரும்பகுதி ஊர்ந்தும் கழிகிறது. ஏஎம்டி வண்டியில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் பம்போ செய்கிறது, அவ்வளவே. உள்ளே ஒரே ஒரு உலர் கிளட்ச் தட்டு. இஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது முதல் கியரில் வண்டி ஏறக்குறைய மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போகும். அதைவிட மெதுவாக நகர வேண்டுமென்றால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடியாக வேண்டும், வேறு வழியில்லை. நெரிசலில் ஊர்வது முழுக்க அந்த வேகத்தில்தான். சாய்தளத்தில் மெல்ல ஏறுவதும், ரிவர்ஸில் திரும்பி ஏறுவதும் அப்படித்தான். தட்டு சூடேறுகிறது, தேய்கிறது, கருகின வாடை வருகிறது. சில வண்டிகள் எச்சரிக்கை ஒலி எழுப்பி, சற்று நிறுத்தச் சொல்லும்.

ஏஎம்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சமதரையில், ஓரளவு ஓட்டமான சாலையில், இரண்டு மூன்று பேர் போகிற வீட்டுக்கு அது நல்ல தேர்வு. மேனுவல் வண்டிக்கு ஈடான மைலேஜ் தரும். பழுதானாலும் பெரும்பாலும் கிளட்ச் செட்டோடு முடிந்துவிடும்: தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவார்கள். மாற்றியபின், வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை இணைத்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு வண்டியை ஒப்படைப்பதால்தான் 'புது கிளட்ச் போட்டும் குதிக்கிறது' என்ற புகார் வருகிறது. உங்கள் சாய்தளமும் மலைப்பாதையும் இல்லையென்றால் இந்தப் பதிலே வேறாக இருந்திருக்கும்.

டார்க் கன்வெர்ட்டரில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தொடர்பு ஏற்படுத்துவது திரவம். இஞ்சின் பக்கத்து விசிறி திரவத்தைச் சுழற்றி எறிகிறது. எதிரே உள்ள விசிறி அதை வாங்கிச் சுழல்கிறது. நின்றபடி டி-யில் (முன்னோக்கி ஓடும் நிலையில்) பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அங்கே தேய்வதற்குத் தட்டு எதுவும் இல்லை. இன்னொரு நன்மை, கிளம்பும் கணத்தில் நடுவிலுள்ள ஸ்டேட்டர் என்ற மூன்றாவது விசிறி இழுவிசையைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கித் தருகிறது. ஐந்து பேரோடு, டிக்கி நிறையச் சாமானோடு செங்குத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இதன் அருமை தெரியும். வேகம் பிடித்தபின் உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடுவதால் திரவத்தில் வீணாகும் சக்தியும் குறைகிறது.

சிவிடியில் தனித்தனி கியர்களே கிடையாது. அகலம் மாறுகிற இரண்டு கப்பிகள், நடுவே எஃகு பெல்ட். நகர நெரிசலில் இதைப்போல் வழவழப்பாக ஓடுவது வேறில்லை. எரிபொருளும் மிச்சமாகும். ஆனால் முழுச் சுமையோடு நீண்ட ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே போனால் திரவம் சூடேறும். எல்லை தாண்டினால் கணினி இஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். மிதித்தவுடன் இஞ்சின் சத்தம் முன்னே ஓட, வேகம் பின்னால் வருவது போன்ற உணர்வு சிவிடியின் இயல்பு. அதைப் பழுதென்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான அபாயம் திரவம் கெட்டு, பெல்ட் ஒருமுறை வழுக்குவது. வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த கப்பி அடுத்தடுத்துப் பெல்ட்டைத் தின்னும். இதைப் பிரித்துச் சரிசெய்யக்கூடிய கைகள் குறைவு. பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். மாதம் ஒரு மலையேற்றம் இருப்பதால்தான் சிவிடியை இரண்டாவதாக வைத்தேன்.

நான்காவதாக யாராவது உலர் இரட்டை கிளட்ச் வண்டியைக் காட்டினால், உங்கள் நெரிசலுக்கு அது வேண்டாம். ஏஎம்டியில் ஒரு தட்டுக்குச் சொன்னது அங்கே இரண்டு தட்டுக்குப் பொருந்தும். கியர்பாக்ஸோ விலை கூடியது.

இனி, அந்த 72,000 கி.மீ. வண்டியை எப்படிப் பார்ப்பது என்பது. இதில் அவசரம் கூடாது.

முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: வண்டி குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும், நீங்கள் வந்தபிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று கொள்ளாவிட்டாலும், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிரில் தெரிகிற கோளாறும் சூட்டில் தெரிகிற கோளாறும் வேறு வேறு. இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

ஸ்டார்ட் செய்து, ஆர்பிஎம் (இஞ்சின் சுழலும் வேகம்) கீழே இறங்கி நிலைக்கும்வரை காத்திருங்கள். பிரேக்கை அழுத்தியபடி பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர் (ரிவர்ஸ்), பிறகு என் (நியூட்ரல்), பிறகு டி. ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள், மெல்லிய அசைவோடு பிடிக்க வேண்டும். இரண்டு நொடி கழித்து 'டொம்' என்று பிடித்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது: திரவ மட்டம் குறைவாக இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், சீல் இறுகியிருக்கலாம். பிடிப்பது உடனடியாக இருந்து, அசைவு மட்டும் பலமாக, ஐடிலில் நடுக்கத்தோடு இருந்தால் பெரும்பாலும் இஞ்சின் மவுன்ட் ரப்பர்தான் காரணம். இது சின்னச் செலவு. இதைக் கியர்பாக்ஸ் கோளாறென்று நினைத்து நல்ல வண்டியை விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டர் மிதியை லேசாக வைத்து, ஒவ்வொரு கியரும் மாறுவதைக் கவனியுங்கள். 2-லிருந்து 3-க்குப் போகும்போது வண்டியின் வேகம் கூடாமல் ஆர்பிஎம் முள் மட்டும் 300, 400 எழும்பி இறங்கினால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. அந்த வண்டி வேண்டாம். அடுத்து, 50-லிருந்து 70 கி.மீ. வேகத்தில், லேசான மேட்டில், மிதியைக் கூட்டாமல் குறைக்காமல் போங்கள். வேகத்தடுப்புக் கோடுகள் மேல் ஓடுவது போல ஒரு 'தடதட' வந்தால் லாக்-அப் கிளட்ச் உதறுகிறது. இஞ்சின் மிஸ்ஃபயர் ஆனாலும் (ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டாலும்) இதே போலத்தான் தோன்றும். பிரித்தறிய ஒரு வழி உண்டு: உடன் வரும் மெக்கானிக் ஓட்டும்போது, பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் பிரேக் மிதியைத் தொடச் சொல்லுங்கள். அந்த நொடியில் லாக்-அப் விட்டுவிடும். உதறலும் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள்.

அரை மணி நேரமாவது ஓட்டி நன்றாகச் சூடேறியபின், ஒரு ஏற்றத்தில் நிறுத்தி டி-யிலும் ஆரிலும் கிளம்பிப் பாருங்கள். காலையில் சுகமாக ஓடி, சூடானபின் ரிவர்ஸ் பிடிக்கத் தயங்கும் கியர்பாக்ஸ்கள் இந்தச் சோதனையில்தான் மாட்டும். பின்பு ஸ்கேனர் போடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியாததை மட்டும் நம்பாமல், கியர்பாக்ஸ் கணினியைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். பி0700 என்பது 'கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது' என்ற பொது அறிவிப்பு. பி0730 கியர் விகிதம் தவறுவது. பி0741 லாக்-அப் சரியாகப் பிடிக்காதது. எல்லாப் பதிவுகளும் அன்றைக்கே அழிக்கப்பட்டிருந்தால், 'சுய சோதனைகள் இன்னும் முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டும். அப்படிக் காட்டினால் நூறு கி.மீ.யாவது ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

வண்டியை லிஃப்டில் ஏற்றித் திரவத்தைப் பாருங்கள். இப்போதைய பல வண்டிகளில் கியர் ஆயில் பார்க்கும் குச்சி இருக்காது. மட்டம் காட்டும் துளையின் போல்ட்டைத் திறந்துதான் பார்க்க முடியும். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க வேண்டாம். சிவப்பு மங்கிப் பழுப்பாவது வயதின் இயல்பு. கருகிய வாடையும், விரலில் தேய்த்தால் நறநறப்பும்தான் கெட்ட அறிகுறி. இன்னொன்று மிக முக்கியம்: திரவம் இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்து, கூலன்ட் கலந்துவிட்டது. தட்டுகளின் உராய்வுப் பூச்சு நீரில் ஊறி உரிந்துவிடும். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

72,000 என்ற எண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதை வண்டியின் வயதோடும் மீட்டரோடும் ஒப்பிடுங்கள். பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஏறும் பக்க ஓரம், ஸ்டியரிங்கின் மேல்புறம் இவை மொழுமொழுவென்று தேய்ந்திருந்து, மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், சர்வீஸ் பில்களை வரிசையாகக் கேளுங்கள். பில்களில் கியர்பாக்ஸ் திரவம் மாற்றியதாக ஒரு வரி இருந்தால் அந்த வண்டிக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். சிவிடி வண்டிக்கோ அந்த வரி கட்டாயம் வேண்டும்.

'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சில கையேடுகளில் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பத்தில் திரவம் முதிர்வது நிச்சயம். நெரிசலும் மலையும் கடுமையான பயன்பாட்டில் சேரும். அந்தக் கணக்கில் 40,000-லிருந்து 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கீழே போல்ட்டைத் திறந்தால் முழுவதும் வராது. மொத்தம் 6, 7 லிட்டர் பிடிக்கும் கியர் பெட்டியில் 3-லிருந்து 4 லிட்டர்தான் இறங்கும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றி, சில நூறு கி.மீ. ஓடி, மறுபடி மாற்றுங்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு புதிதாகிவிடும். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். கீழ்த்தட்டைக் கழற்றினால் கேஸ்கெட், ஃபில்டர் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தக் கீழ்த்தட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு; கண்ணுக்குத் தெரியும் உலோகச் சிம்புகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

மட்டம் பார்ப்பதில்தான் பல பட்டறைகள் தவறுகின்றன. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி சமமாக நிற்க, திரவம் கையேடு சொல்லும் வெப்பத்தில் இருக்கும்போது துளையிலிருந்து மெல்லிய கோடாக வழிய வேண்டும். பல கியர்பாக்ஸ்களுக்கு அந்த வெப்பம் 35-லிருந்து 45 டிகிரி செல்சியஸ் வரை. கொதிக்கக் கொதிக்கப் பார்த்தால் திரவம் விரிந்திருக்கும். சரியான மட்டம் என்று நினைத்து மூடியது, குளிர்ந்தபின் குறைவாகிவிடும். திரவத்தின் வகையைக் கையேட்டில் உள்ளபடியே வாங்குங்கள். சிவிடிக்குரிய திரவம் எஃகும் எஃகும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி தயாரிக்கப்படுவது. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் திரவத்தை ஊற்றினால் பெல்ட் வழுக்கும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதிய டப்பாவில் மிச்சப்படுவது சொற்பம்.

'ஆயில் மாற்றினேன், மறுவாரமே கியர்பாக்ஸ் போய்விட்டது' என்று யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பெட்டியில், வண்டி தகராறு செய்தபின் மாற்றியிருப்பார்கள். தேய்ந்த தட்டைப் புதுத் திரவம் வளர்க்காது. நல்ல நிலையில் உள்ள பெட்டியில் மாற்றுவதற்குப் பயப்பட வேண்டாம். வருடக்கணக்கில் கவனிக்கப்படாத பெட்டியில் மட்டும், இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவிவிடுவதைத் தவிருங்கள்; படிந்த கசடு கிளம்பி, திரவத்தைப் பங்கிட்டு அனுப்பும் வால்வு பாடியின் நுண்துளைகளை அடைக்கக்கூடும்.

பெட்ரோல் விஷயம். 4 கியர் மட்டும் இருந்த, லாக்-அப் குறைவாக வேலை செய்த பழைய ஆட்டோமேட்டிக்குகளுக்கு அந்தக் கெட்ட பெயர் பொருந்தும். 6 கியர் வண்டியில் மேனுவலோடு உள்ள வித்தியாசம் சிறியது. உங்கள் செலவைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸைவிட நின்றுகொண்டிருக்கும் நேரம்: இந்த அளவு இஞ்சின், ஏசி ஓட, நின்றபடியே ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் எரிக்கும். அரை மணி முன்னதாகக் கிளம்பி நெரிசலைத் தவிர்க்க முடிந்தால், எந்த கியர்பாக்ஸும் தர முடியாத மிச்சம் அதில் கிடைக்கும்.

அம்மாவை அழைத்துப் போகாமல் வண்டியை முடிவு செய்யாதீர்கள். செடானின் இருக்கை தாழ்வு. முழங்கால் வலி உள்ளவருக்கு உட்காருவதைவிட எழுவதுதான் சிரமம். தரையிலிருந்து இருக்கை விளிம்பு வரை அளந்து, அவர் எளிதாக எழும் வீட்டு நாற்காலியின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் கணிசமாக இருந்தால் முன் இருக்கையில் உயரம் மாற்றும் வசதி உள்ள வண்டியைத் தேடுங்கள். பின் இருக்கையில் இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே அம்மா என்று திட்டமிட்டிருந்தால் அது நடக்காது. ஒவ்வொன்றும் 45 செ.மீ. வரை அடைக்கும், இந்த அளவு வண்டியில் தோளளவு அகலமே 130 செ.மீ. சுற்றுவட்டாரம்தான். மிஞ்சும் 40 செ.மீ.யில் பெல்ட் கொக்கிக்குக்கூடக் கை போகாது. அம்மா முன்னால், உங்களில் ஒருவர் பின்னால் குழந்தைகளோடு என்பதே சரிவரும். 8 வயதுக் குழந்தைக்கு முதுகில்லாத பூஸ்டர் போதுமானால் நடு இடம் கொஞ்சம் தாராளமாகும். உங்கள் பெட்டிகளையும் எடுத்துப் போய் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். 400 லிட்டர் என்று எழுதியிருந்தாலும், வாய் குறுகியிருந்தாலோ மூடியின் வளைந்த கீல் உள்ளே இறங்கினாலோ பெரிய பெட்டி போகாது. முழுச் சுமையோடு மலைக்குப் போகுமுன் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து, அதில் முழுச் சுமைக்குச் சொன்ன அழுத்தத்தைப் பின் டயர்களில் வையுங்கள்.

உங்கள் மனைவிக்கு முதல் நாளே பழக்க வேண்டியது: வலது கால் மட்டுமே இரண்டு மிதிகளுக்கும், இடது கால் ஓரத்தில் ஓய்வு. நிறுத்தும் இடத்தில் உள்ளே நுழையும்போது ஆக்ஸிலரேட்டர் தேவையே இல்லை, பிரேக்கை விட்டால் வண்டி தானே ஊரும். கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். வண்டி முழுதாக நின்றபிறகே டி-யிலிருந்து ஆருக்கு மாற்ற வேண்டும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தக்கூடாது, பிரேக்கால்தான். மலை இறக்கத்தில் என் (நியூட்ரல்) போட்டு உருட்டாதீர்கள். பிரேக் மட்டுமே வேலை செய்து, சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரில் மிதியை விட்டு இறங்கும்போது இஞ்சினுக்கு எரிபொருளே நின்றுவிடுவதால், என் போட்டு மிச்சப்படுத்துவதாக நினைப்பதும் தவறு. கையால் மாற்றும் வசதியில் 2 அல்லது 3-இல் வைத்து இறங்குங்கள்.

சாய்தளத்தில் நிறுத்தும்போது வரிசை முக்கியம். பிரேக்கைப் பிடித்து என், ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கை மெல்ல விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் அமரட்டும். மறுபடி பிரேக்கை அழுத்திப் பி, பிறகு அணைப்பு. நேரே பி போட்டுவிட்டால் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் விரலளவு உள்ள ஒரு கொக்கியில் தொங்கும். மறுநாள் பி-யிலிருந்து எடுக்கும்போது 'டக்'கென்ற அடி கேட்பது அதனால்தான்.

பேட்டரி தீர்ந்தால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸ் பம்ப் ஓடும். பம்ப் ஓடாமல் எந்த கியரும் பிடிக்காது. ஜம்பர் கேபிள் ஒரு செட் டிக்கியில் இருக்கட்டும். கட்டி இழுக்க நேர்ந்தால் முன்சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும், அல்லது முழு வண்டியையும் மேடை லாரியில் ஏற்ற வேண்டும். முன்சக்கரம் தரையில் உருண்டால், உருள உருள உள்ளே எண்ணெயில்லாமல் பாகங்கள் உரசும். பிரேக்கை அழுத்தியும் பி-யிலிருந்து லீவர் நகரவில்லையென்றால் பதறாதீர்கள். பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்; எரியவில்லையென்றால் பிரேக் மிதியின் மேலிருக்கும் சிறிய சுவிட்சோ அதன் ஃபியூஸோ போயிருக்கும். பல வண்டிகளில் லீவர் அருகே ஒரு சின்ன மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அதைத் திறந்து சாவி முனையால் அழுத்தியபடி நகர்த்தினால் என்-னுக்கு வந்துவிடும். அந்த மூடி எங்கே இருக்கிறது என்று வண்டி வாங்கும் அன்றே இருவரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.